முன்வரிசையில் நின்றவர்

ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் தொடுபவர் அவரே. தொட்ட அக்கணமே அதனைப் பிறர்க்கு ஈந்துவிடுபவரும் அவரே. பந்தைக் கையிற்கொண்டு ஓடுதல் அவர்க்குரிய பணியன்று. எல்லையைக் கடந்து வெற்றியெண் ஈட்டுதலும் அவர்க்கு வாய்ப்பதன்று. அமெரிக்க நாட்டுக் கால்பந்தாட்டத்தில் ‘ஸென்டர்’ எனப்படும் நடுவிடத்து வீரரின் தொழில் இத்தகையது. இத்தொழிலை 17 ஆண்டுகள் செய்து, அதனால் புகழும் அப்புகழோடு ஒட்டியே பெருங்கேடும் எய்திய மைக் வெப்ஸ்டர் என்பாரைப் பற்றியும், அவர் வரலாற்றைப் படித்த பின்னர் என் உள்ளத்தெழுந்த சில எண்ணங்களைப் பற்றியும் ஈண்டு எழுதத் துணிகின்றேன். நம் கல்லூரியில் எவரும் ஆடாத ஓர் ஆட்டத்தைப் பற்றித் தமிழ் மாணாக்கன் எழுதுவானேன் என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆட்டம் அயல்நாட்டதாயினும் அதனுள் எழும் வழக்கு மனிதர்க்கெல்லாம் பொதுவானது என்பதே என் விடை.

நம்மவருள் பலர் இவ்வாட்டத்தைக் கண்டிரார் ஆகலின், அதன் முறையைச் சிறிது கூறுதல் வேண்டும். கால்பந்து என்பது பெயரளவே. காலால் உதைத்தல் அதில் அருகியே நிகழும். பந்தும் உருண்டையன்று, இரு முனையும் கூர்த்து நீண்டிருப்பது. கட்சிக்கு 11 பேர். 100 கெஜ நீளமுள்ள வெளியில் எதிரியின் எல்லையை நோக்கிப் பந்தைக் கொண்டு செல்லுதலே நோக்கம். நான்கு முயற்சிகளுள் 10 கெஜம் முன்னேறிய கட்சிக்கு மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடின் பந்து மற்றக் கட்சியின் வசமாகும். ஒவ்வொரு முயற்சியும் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆயின் அச்சில நொடிகளுக்குள் நிகழும் மோதலைக் கண்டார் எளிதில் மறவார்.

பந்துடைய கட்சியின் முன்னே ஐவர் ஒரே வரிசையாய்க் குனிந்து நிற்பர். நடுவே ஸென்டர், அவர்க்கு இருமருங்கும் ‘கார்டு’ எனப்படுவோர் இருவர், அவர்க்கு அப்பால் ‘டாக்கிள்’ எனப்படுவோர் இருவர். ஸென்டர் பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னோக்கிக் கொடுத்த கணத்தில் முயற்சி தொடங்கும். பின்னே நின்று அதனைப் பெறுபவர் ‘குவார்ட்டர்பேக்’. ஆட்டத்தை நடத்துபவர் அவர். பத்திரிகைகளில் படம் வெளிவருவதும் பெரும்பாலும் அவருடையதே. அவரை வீழ்த்துமாறு எதிரேயுள்ள பேருடம்பினர் பாய்ந்து வருவர். பாய்ந்து வருவாரைத் தம் உடம்பையே மதிலாக்கித் தடுத்தலும், பந்தை ஏந்தி ஓடுபவர்க்கு எதிரிகளை விலக்கி வழி திறத்தலும் முன்வரிசை ஐவரின் பணிகள். முன்னோக்கி எறியப்பட்ட பந்தைப் பிடிக்கும் உரிமையும் விதிப்படி இவர்க்குப் பொதுவாக இல்லை.

தொல்காப்பியப் புறத்திணையியலில் வஞ்சித்திணைக்குரிய துறைகளை எங்கள் ஆசிரியர் விளக்கிய நாளில், பெருகி வரும் வெள்ளத்தின் எதிரே கல்லணை நிற்றல்போலப் பகைப்படையின் எதிரே தனியொருவன் நிற்கும் துறையொன்றைக் கூறினார். ஸென்டரின் நிலையைப் படித்தபொழுது அத்துறை என் நினைவிற்கு வந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவ்வீரனைப் பாடப் புலவர் இருந்தனர். அவன் வீழ்ந்தால் நடுகல்லும் நிறுத்தினர். முன்வரிசை ஆட்டக்காரர்க்கோ கணக்கேடு கூட இல்லை. ஓடினவர் எத்தனை கெஜம் ஓடினார், எறிந்தவர் எத்தனை முறை எறிந்தார், பிடித்தவர் எத்தனை பிடித்தார் என்றெல்லாம் எண்ணி வைப்பர். எதிரியின் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தினவர்க்கும் 1982-ஆம் ஆண்டு முதல் முறையான கணக்கு உண்டு. வீழாதவாறு காத்தவர்க்கு அப்பட்டியலில் ஒரு பத்தியும் ஒதுக்கப்படவில்லை. எத்தனை ஆட்டங்களில் நின்றார் என்பது ஒன்றே அவர் பெயர்க்கு நேரே எழுதப்படும். அவரது எண்ணைக் கூட்டத்தார் கேட்கும் சமயமும் ஒன்று உண்டு: எதிரியை விதிக்கு மாறாகப் பற்றி இழுத்து அவர் பிழை செய்யும்பொழுது, நடுவர் ஒலிபெருக்கி வாயிலாக அவ்வெண்ணைக் கூறி அவர் கட்சிக்கு 10 கெஜம் தண்டம் விதிப்பார். பிழையின்றி நின்ற நாளில் அவரைப் பற்றிப் பேச்சே எழாது. இடப்புறத்து டாக்கிளுக்கு மட்டும் இக்காலத்தே பெருஞ்சம்பளம் தருகின்றனர். வலக்கையால் எறியும் குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்கெட்டாத பக்கத்தைக் காப்பவர் அவரென்பதே காரணம். அப்பொழுதும் சம்பளம் வளர்ந்ததேயன்றிப் பெயர் வளர்ந்ததாகத் தெரியவில்லை.

மைக் வெப்ஸ்டர் 1952-ஆம் ஆண்டு விஸ்கான்ஸின் மாகாணத்து டோமஹாக் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பம்; பண்ணைவேலையில் வளர்ந்த உடம்பு. விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஆடிய பின்னர், 1974-ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்னும் அணியினர் அவரைத் தெரிந்தெடுத்தனர். தெரிந்தெடுத்தது ஐந்தாம் சுற்றில். முதல் நான்கு சுற்றுக்களிலும் அவரை எவரும் வேண்டவில்லை. முன்வரிசைக்கு அவர் உடம்பு சிறிது என்பது அறிந்தோர் கருத்து. அக்குறையை அவர் பயிற்சியால் ஈடு செய்தார். முதல் ஈராண்டுகள் மூத்தவரான ரே மான்ஸ்பீல்டு என்பவரோடு அவ்விடத்தைப் பகிர்ந்துகொண்டு, 1976 முதல் தாமே அதற்கு உரியவரானார். அங்ஙனம் நின்றவர் 1986-ல் முழங்கை மூட்டு விலகும் வரை தொடர்ந்து 150 ஆட்டங்களின் தொடக்கத்தில் அவ்விடத்திலேயே நின்றார். உறைபனிக் குளிரிலும் கையில்லாச் சட்டையினின்று வெளிப்பட்ட வெறுந்தோள்களோடு அவர் ஆட்டவரிசைக்கு ஓடி வரும் காட்சியைப் பிட்ஸ்பர்க் நகரத்தார் நெடுங்காலம் பேசினர். ‘இரும்பு மைக்’ என்பது அவர்கள் இட்ட பெயர். அந்நகரமோ இரும்புக்கும் எஃகுக்கும் பெயர் போனது. அணியின் பெயரும் அத்தொழிலிலிருந்தே வந்தது. எஃகாலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்டு வந்த அக்காலத்தில், வேலை இழந்த குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஓர் ஆறுதலாய் இருந்தது என்பர். 1974, 1975, 1978, 1979 ஆகிய நான்கு பருவங்களில் அவ்வணி ‘ஸூப்பர் பௌல்’ என்னும் இறுதிப் போட்டியை வென்றது. நான்கிலும் வெப்ஸ்டர் இருந்தார். 1988-ல் அவ்வணியை நீங்கிக் கான்சாஸ் சிட்டி அணியிற் சேர்ந்து, 1990 பருவத்தோடு ஓய்வு பெற்றார். மொத்தம் 245 ஆட்டங்கள்.

இவ்வெண்ணைச் சிறிது விரித்துப் பார்த்தல் வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஒரு கட்சி ஏறக்குறைய 60 முறை பந்தோடு முயலும். இரு கட்சிக்கும் இடையே விடப்படும் வெளி பந்தின் நீளமேயாகும். ஒரு முழத்திற்கும் குறைவு. ஸென்டரோ ஒரு கையாற் பந்தைப் பற்றித் தலை கவிழ்ந்து நிற்பவர். கொடுத்து நிமிர்வதற்குள் எதிரி அவர்மேல் விழுந்திருப்பான். அக்காலத்து விதிகளும் அவர்க்கு இரங்கவில்லை. 1977 வரை எதிரி அவர் தலையின் பக்கத்தே உள்ளங்கையால் ஓங்கி அறைதல் ஒப்பப்பட்டிருந்தது. எறியப்படும் பந்துக்குக் காவல் செய்கையிற் கைகளை நன்றாக நீட்டித் தடுக்கும் உரிமை 1978-ல்தான் வழங்கப்பட்டது. அதற்கு முன் கைகளை மார்போடு அணைத்து வைத்தல் வேண்டுமாகலின், தலையும் தோளுமே கருவி. அவர் நின்ற ஆட்டங்களில் மட்டும் அவர் தலை ஏற்ற மோதல்கள் 10,000-த்தைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிடலாம். பயிற்சி நாட்கள் இதன் புறத்தே கிடக்கின்றன. நினைவு தப்பி வீழ்த்தும் பேரடிகள் இவற்றுள் மிகச் சிலவாகவே இருந்திருக்கும். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மீண்டும் குனியச் செய்யும் சிற்றடிகளே பெரும்பான்மை. அச்சிற்றடிகளே பல்லாண்டு சேர்ந்து மூளையைக் கெடுக்கின்றன என்பது பின்னர் அறிஞர் கண்ட செய்தி.

ஓய்வு பெற்ற பின்னர் அவர் வாழ்வு விரைந்து சரிந்தது. பொருளைத் தகாத இடங்களில் முதலிட்டு இழந்தார். மனைவியும் மக்களும் பிரிந்து வாழ நேர்ந்தது. இவை உலகிற் பலர்க்கும் நிகழ்வன எனலாம். நிகழாதவை வேறு. தெரிந்த வழியில் செல்கையிலும் திசை மயங்கினார். சிந்தனை கோவைப்படவில்லை. விழுந்த பற்களைப் பசையால் ஒட்டிக்கொண்டார். சில காலம் தம் வண்டிக்குள்ளும், சில இரவுகள் பிட்ஸ்பர்க் இரயில் நிலையத்திலும் படுத்துறங்கினார். உடம்பெங்கும் நோவு, உறக்கமோ வருவதில்லை. ஆதலால் காவலர் கையாளும் மின்னதிர்ச்சிக் கருவியைத் தம்மேல் தாமே செலுத்தி, நினைவு மயங்கிச் சிறிது துயில்வாராம். நான்கு முறை நாட்டின் முதற் பரிசு பெற்ற அணியில் நின்ற ஒருவரின் நடுவயது இவ்வாறு கழிந்தது.

இந்நிலையில்தான் 1997-ஆம் ஆண்டு ஓஹையோ மாகாணத்துக் கான்டன் நகரிலுள்ள புகழ்மண்டபத்தில் அவர்க்கு இடம் அளித்தனர். வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வார்த்து வைத்தனர். பழைய குவார்ட்டர்பேக்காகிய டெரி பிராட்ஷா அவரை அறிமுகம் செய்துவைத்தார். பேச்சின் முடிவில் அவ்விருவரும் மேடைமேலேயே குனிந்து நின்று, பழைய நாளிற் போலப் பந்தை ஒருமுறை கைமாற்றிக் காட்டினர். கூட்டத்தார் ஆரவாரித்தனர். பின்னர் வெப்ஸ்டர் பேசினார். பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, முடிவறியாது, குறித்த நேரத்தைக் கடந்து நீண்டது. கேட்டிருந்த தோழர் சிலர் அன்றுதான் உண்மையை உணர்ந்தனராம். சிலையுடையவர்க்குத் தங்க வீடில்லை என்னும் செய்தியைவிட, அச்சிலையைத் திறந்தவர் எவர்க்கும் அது தடையாகத் தோன்றவில்லை என்பதே என்னை வருத்துகின்றது. சிறப்புச் செய்தல் எளிது. கடன் தீர்த்தல் அரிது. முன்னதைச் செய்துவிட்டால் பின்னது மறக்கப்படுகின்றது.

கடன் என்னும் சொல்லை யான் உவமையாகக் கூறவில்லை. ஆட்டக்காரர்க்கென அமைந்த ஓய்வூதிய நிதிக்கு மேற்கு வர்ஜீனியா வழக்கறிஞர் ஒருவர் வாயிலாக வெப்ஸ்டர் விண்ணப்பம் செய்தார். நிதியை ஆளும் குழுவினர் 1999-ல், அவர் முழுமையாகவும் நிலையாகவும் உழைக்கும் ஆற்றல் இழந்தவர் என ஒப்பினர். அவ்விழப்பு ஆட்டத்திற் பட்ட தலைக்காயங்களால் நேர்ந்தது என்னும் மருத்துவர் கூற்றையும் ஏற்றனர். ஏற்றும், ஓய்வு பெற்ற காலந்தொட்டே நோய் இருந்தது என்பதை மறுத்து, பிந்திய ஆண்டுகளுக்கு மட்டும் குறைந்த தொகையை அளித்தனர். வழக்கு நீதிமன்றத்திற்குச் சென்றது. 2005-ல் நீதிபதி வெப்ஸ்டர் பக்கம் தீர்ப்பளித்தார். 2006-ல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது. ஆனால் வழக்குடையார் 2002-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாளிலேயே, தம் 50-ஆம் வயதில், காலமாகிவிட்டார்.

அவர் உடல் அல்லெகெனி வட்டாரத்துப் பிணப்பரிசோதனை நிலையத்திற்கு வந்த நாளில் அங்கே பணியிலிருந்தவர் நைஜீரிய நாட்டிற் பிறந்த பென்னெட் ஒமாலு என்னும் இளம் மருத்துவர். அவர் கால்பந்தாட்டத்தை அறியாதவர். எனவே அதன்மேல் அன்பும் இல்லை, பகையும் இல்லை. மூளை புறத்தே பார்வைக்குக் கெடாததாகவே தோன்றியது. பிறர் அவ்வளவில் விட்டிருப்பர். ஒமாலு அதனை மருந்திலிட்டுப் பாதுகாத்து, தம் கைப்பொருளைச் செலவிட்டு, மெல்லிய தகடுகளாய்ச் சீவி நுண்ணோக்கி வழியே ஆராய்ந்தார். ‘டௌ’ என்னும் புரதம் ஆங்காங்கே திரண்டு முடிச்சிட்டுக் கிடந்தது. குத்துச்சண்டைக்காரர்க்கு இத்தகைய சிதைவு நேர்வதை 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்டு என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதியிருந்தார். கால்பந்து வீரர் மூளையில் அதனைக் கண்டு நூன்முறையில் நிறுவியது இதுவே முதன்முறை. ‘ஸி. டி. ஈ.’ என்று சுருக்கமாக வழங்கும் அந்நோயைப் பற்றிய ஒமாலுவின் கட்டுரை 2005-ல் ஒரு மருத்துவத் திங்களிதழில் வெளிவந்தது.

வெளிவந்தபின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் இழிந்த பகுதி. ஆட்டத்தை நடத்தும் தேசியக் கால்பந்து லீக், மூளைக்காயங்களை ஆராயவென 1994-ல் ஒரு குழுவை அமைத்திருந்தது. அதற்குத் தலைவராக்கப்பட்டவர் மூட்டுவாத மருத்துவர். மூளை நோய் அவர் துறையன்று. அக்குழுவினர் மூவர், ஒமாலுவின் கட்டுரை பிழையுடையது, திரும்பப் பெறுதல் வேண்டும் என்று அவ்விதழுக்கே எழுதினர். இதழாசிரியர் இசையவில்லை. அதற்குள், வெப்ஸ்டரின் அணியிலேயே முன்வரிசையில் நின்ற டெரி லாங் என்பார் 2005-ல் இறந்தார்; அவர் மூளையிலும் அதே சிதைவு காணப்பட்டது. அவ்வணியின் முன்வரிசையில் நின்ற ஜஸ்டின் ஸ்ட்ரெல்ஸிக் என்பார் 2004-ல் வண்டி மோதி மாண்டவர். பின்னர் ஆராய்ந்ததில் அவர்க்கும் அதுவே. ஓரணியின் ஒரே வரிசையில் மூவர்! 2009-ல் லீக்கின் சார்பாகப் பேசுவோர் ஒருவர், தலையதிர்ச்சி நெடுங்காலக் கேட்டை விளைக்கக்கூடும் என்று ஒப்பினார். இந்நோய்க்கும் ஆட்டத்திற்கும் தொடர்பு உண்டென்று லீக்கின் உயர் அலுவலர் ஒருவர் அமெரிக்கப் பிரதிநிதி சபையின் குழுவொன்றின் முன் ஒப்புக்கொண்டதோ 2016-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். ஓய்வூதியக் குழு ஒப்பிய ஆண்டு 1999 என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகின்றேன். கொடுக்க வேண்டிய இடத்தில் ஒருவாறு உண்மை பேசினர். உலகம் கேட்கும் இடத்தில் 16 ஆண்டுகள் கழிந்தன.

இதனை விடுதியில் யான் எடுத்துரைத்தபொழுது நண்பர் ஒருவர், “அவரை எவரும் வற்புறுத்தவில்லையே! அடிபடும் தொழில் என்று அறிந்தே சேர்ந்தார், பணமும் பெற்றார், பின்னர் முறையிடுதல் எங்ஙனம் பொருந்தும்?” என்று வினவினார். இவ்வினாவை அமெரிக்கரும் கேட்கின்றனர். எளிதில் ஒதுக்கத்தக்கதும் அன்று. சுரங்கத்தில் இறங்குவோனும், கடலில் தோணி விடுவோனும், போருக்குச் செல்வோனும் இடரை அறிந்தே செல்கின்றனர். அவர்தம் துணிவை அறியாமை என்று சொல்வோமாயின் அவர்களை இழிவு செய்தவராவோம். வெப்ஸ்டரும் தம் முழங்கால் தேயும், விரல்கள் கோணும், முதுகு வளையும் என்பதை அறிந்திருப்பார். அவற்றுக்கு உடன்பட்டே கையொப்பமிட்டார் என்று யானும் ஒப்புகின்றேன்.

ஆனால் அவர் உடன்பட்டது உடம்பைப் பற்றி. மக்களின் பெயர் நினைவில் நிற்குமா, வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியுமா, சினம் வந்தபொழுது அதனை அடக்கும் ஆற்றல் எஞ்சுமா என்பன அவ்வொப்பந்தத்தில் எழுதப்படவில்லை. எழுத வேண்டியவர்க்கு அவரைவிட அறிந்துகொள்ளும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. குத்துச்சண்டைக்காரரின் மூளைச்சிதைவு அவர் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டது என்றேன். தலைகள் மோதும் மற்றோர் ஆட்டத்திற்கும் அது பொருந்துமோ என்று ஆராயப் பொருளும் மருத்துவரும் உடையவர் ஆட்டத்தை நடத்தினோரே. விலை கூறாது பண்டத்தை விற்றவன், வாங்கினவன் மனமொத்தே வாங்கினான் என்று பின்னர் வாதிடுதல் எந்த ஊர் அறம்? எரிகோவுக்குச் செல்லும் வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன இருவரை நாம் இகழ்கின்றோம். அவர்களேனும் அவனை அடித்தவர் அல்லர்.

அறிந்து தெரிந்துகொள்ளுதலுக்கும் அறியாது அகப்படுதலுக்கும் உள்ள வேற்றுமையை மற்றொரு முன்வரிசை வீரரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகின்றது. ஜான் அர்ஷெல் என்பவர் 1991-ல் கனடா நாட்டிற் பிறந்தவர். பென்ஸில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவர். மாணாக்கராயிருக்கும்போதே அங்கே கணிதம் கற்பித்தவர் என்பதைக் கணித வகுப்பு நண்பர்கள் கவனிக்க. வெப்ஸ்டருக்குச் சரியாக 40 ஆண்டுகளுக்குப் பின், 2014-ல், அவரைப் போலவே ஐந்தாம் சுற்றிற் பால்ட்டிமோர் அணியினராற் தெரிந்தெடுக்கப்பட்டு, கார்டு இடத்திலும் ஸென்டர் இடத்திலும் நின்றார். 2015 ஆகஸ்டில் பயிற்சியின்போது தலையில் அடிபட்டு நினைவிழந்தார். ஆடுவதற்குரிய தகுதி சில வாரங்களிலேயே மீண்டது. உயர்கணிதத்தை உள்ளத்திற் கண்டு செய்யும் ஆற்றல் மீள அதனினும் நாட்கள் சென்றன. தம் மூளையைக் கொண்டே தம் மூளையை அளக்கவல்ல ஒருவர்க்கு நேர்ந்தமையால் இது தெரியவந்தது. ஏனையோர் தாம் இழந்ததை எதனைக் கொண்டு அளப்பர்?

அவர் உடனே விலகிவிடவில்லை. இடர் என்னவென்று தெரிந்தும், ஆட்டத்தின்மேல் உள்ள விருப்பத்தால் மேலும் ஈராண்டுகள் ஆடினார். அக்காலத்திலேயே மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டத்திற்கும் சேர்ந்தார். 2017 ஜூலை 25-ஆம் நாள் பாஸ்டன் பல்கலைக்கழகத்தாரின் ஆராய்ச்சியொன்று வெளிவந்தது: லீக்கில் ஆடி மறைந்த 111 பேரின் மூளைகளுள் 110-ல் அந்நோய் காணப்பட்டது. நோய்க்குறி கண்ட குடும்பத்தாரே பெரும்பாலும் மூளைகளை அளித்தனராகலின், ஆடுவோர் அனைவர்க்கும் இவ்விகிதம் பொருந்தும் என்று கொள்ளுதல் தவறு. ஆராய்ந்தவர்களே இதனைக் கூறினர். இரண்டு நாட்களுக்குப் பின் அர்ஷெல் தம் 26-ஆம் வயதில் ஆட்டத்தை விட்டார். பிறக்கவிருந்த குழந்தையையும் முழுநேரக் கணிதப் படிப்பையும் அவர் காரணமாகக் கூறினார். அவ்வாராய்ச்சியும் ஒரு காரணம் என்று அணியைச் சார்ந்தோர் பேசிக்கொண்டனர். 2021-ல் டாக்டர் பட்டம் பெற்று, 2023-ல் அதே கழகத்தில் உதவிப் பேராசிரியராக அமர்ந்தார். அவர் விலகினமைக்காக யான் அவரைப் பாராட்டவில்லை. அதற்கு முன் ஈராண்டு ஆடினமைக்காகக் குறை கூறவும் இல்லை. இரண்டும் அவர் தாமே அறிந்து செய்தவை. வெப்ஸ்டருக்கு மறுக்கப்பட்டது இதுவே.

லீக்கின்மேல் ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர் தொடுத்த வழக்கு 2013-ல் 765 மில்லியன் டாலருக்கு உடன்பாடாயிற்று. அத்தொகை போதாதென்று நீதிபதி ஐயுற்றமையால் வரம்பு நீக்கப்பட்டு, 2015-ல் ஒப்புதல் கிடைத்தது. இழப்பை அளக்கும் தேர்வுகளிற் கறுப்பின வீரர் தொடக்கத்திலேயே அறிவாற்றல் குறைந்தவர் என்று கொண்டு கணக்கிடும் முறையொன்று கையாளப்பட்டு வந்ததும், கண்டனம் எழுந்தபின் 2021-ல் அதனைக் கைவிட லீக் இசைந்ததும் நாணத்தோடு எழுத வேண்டிய செய்திகள். நிறத்தைப் பார்த்து மனிதன் இழப்பைக் குறைத்து மதிப்பதற்குக் கணிதத்தையும் துணைக்கழைத்தனர்.

இனி, இவ்வாட்டத்தையே தடை செய்தல் வேண்டும் என்பாரோடு யான் உடன்படேன். ஐவர் ஒருவரையொருவர் நோக்காமலே ஒருடம்புபோல் அசைந்து, பின்னேயுள்ள ஒருவனைக் காக்கும் அவ்வொழுங்கில் அழகு உண்டு; அதனை நாடுவோர் முதிர்ந்த வயதினராயின், உள்ளதை உள்ளபடி கேட்டறிந்து ஆடுக. விதிகளும் முன்னினும் பலவாறு திருத்தப்பட்டுள்ளன. என் ஐயமெல்லாம் சிறுவரைப் பற்றியது. அமெரிக்காவில் பத்து வயதுக்கும் கீழ்ப்பட்ட பிள்ளைகள் தலைக்கவசம் பூண்டு இவ்வாறே குனிந்து நின்று மோதுகின்றனர். 12 வயதுக்கு முன் இம்மோதலாட்டத்தைத் தொடங்கினவர்க்கு, பின்னாளில் நோய்க்குறிகள் முந்தித் தோன்றின என்று பாஸ்டன் ஆராய்ச்சியாளர் 2018-ல் எழுதினர். ‘அறிந்தே சேர்ந்தான்’ என்னும் வாதத்தை வெப்ஸ்டரிடம் கூறுவோர், ஏழு வயதுக் குழந்தையிடம் அதனைக் கூறுவரோ? குழந்தைக்காகக் கையொப்பமிடும் தந்தை, தம் பொருளைப் பணயம் வைக்கவில்லை. பிறனொருவனது வருங்கால நினைவைப் பணயம் வைக்கின்றார்.

கலிபோர்னியா மாகாணத்தில் 12 வயதுக்குட்பட்டோர் இம்மோதலாட்டம் ஆடுதலைத் தடுக்க 2018-ல் ஒரு மசோதா கொணர்ந்தனர்; எதிர்ப்பு மிகுந்தமையால் திரும்பப் பெற்றனர். மற்றொன்று 2024 ஜனவரியில் சட்டசபையை அடைந்தபொழுது, பெற்றோர் உரிமையைக் காரணம் காட்டி, அது தம்மிடம் வந்தால் கையொப்பமிடேன் என்று கவர்னர் முன்கூட்டியே அறிவித்தார். அதுவும் அவ்வளவில் நின்றது. சிறுவர் உடம்போடு உடம்பு மோதாமல், இடுப்பிற் கட்டிய துணிப்பட்டையை இழுத்தெடுத்து ஆடும் எளிய வகையும் அந்நாட்டில் உண்டு. 12 வயது வரை அதனை ஆடினால் ஆட்டத்திற்கு என்ன குறை நேரும் என்பதற்கு, யான் படித்த வரையில், எதிர்ப்போர் எவரும் நேரான விடை கூறவில்லை.

பிட்ஸ்பர்க் அணியினர் வெப்ஸ்டர் அணிந்த 52 என்னும் எண்ணை அவருக்குப் பின் எவர்க்கும் கொடுக்கவில்லை. அதனை முறைப்படி ஓய்வு பெறச் செய்ததாக அறிவிக்கவும் இல்லை. சட்டை கொடுப்போர் ஆண்டுதோறும் அவ்வெண்ணை விட்டு அடுத்ததற்குச் செல்கின்றனர்.